மலைக்குப் போகுமுன் மூன்று கேள்விகள்

"அம்மா, சனி ஞாயிறு இரண்டு நாள் மலைக்குப் போய் வருகிறோம். கூட வருபவர்கள் எல்லோரும் பெண்கள்தான். பயப்படாதே!"

இப்படிச் சொல்லிக்கொண்டு பை கட்டும் பெண் இன்று எந்த வீட்டில்தான் இல்லை? போகட்டும், தாராளமாகப் போய் வரட்டும். மலைக் காற்று உடம்புக்கும் நல்லது, மனசுக்கும் நல்லது. ஆனால் முறுக்குப் பொட்டலத்தைப் பையில் வைப்பதற்கு முன்னால் அம்மா மூன்று கேள்விகள் கேட்டாக வேண்டும். ஏன் என்று கேட்கிறீர்களா? குரங்கணியில் நடந்ததைச் சொன்னால் புரியும்.

தேவாரம், போடிநாயக்கனூர்ப் பக்கம் போனவர்களுக்குத் தெரியும். ஊருக்கு மேற்கே சுவர் எழுப்பினாற்போல் மலை. அதன் மேலே ஏலக்காய்த் தோட்டங்கள். விடியற்காலையில் தூக்குச் சட்டியும் கையுமாக ஜீப்பில் நெருக்கியடித்து ஏறித் தோட்ட வேலைக்குப் போகும் பெண்களை அங்கே பார்க்கலாம். போடியிலிருந்து சுமார் 16 கிலோமீட்டரில், மலையடியில் இருக்கிறது குரங்கணி. டாப் ஸ்டேஷனுக்கும், தேயிலைக்குப் பேர்போன கொழுக்குமலைக்கும் அங்கிருந்து நடைபாதைகள் ஏறுகின்றன.

2018 மார்ச் 11, ஞாயிற்றுக்கிழமை. சென்னையிலிருந்து ஒரு கோஷ்டி, ஈரோடு, திருப்பூர்ப் பக்கத்திலிருந்து இன்னொரு கோஷ்டி. முப்பது பேருக்கு மேல், பெரும்பாலோர் பெண்கள். கொழுக்குமலையிலிருந்து இறங்கி வரும் வழியில் காய்ந்த புல்லில் பற்றிய காட்டுத் தீ அவர்களை வளைத்துக் கொண்டது. அலறல் கேட்டு மலையடி ஊர்க்காரர்கள் ஓடினார்கள். அரசு ஊழியர்கள் வந்தார்கள். விமானப் படை ஹெலிகாப்டர்களும் வந்தன. ஆனாலும் அன்றும் அடுத்த வாரங்களில் ஆஸ்பத்திரியிலுமாக 23 உயிர்கள் போயின. படித்த பெண்கள், உத்தியோகம் பார்த்த பெண்கள், புதிதாகக் கல்யாணமானவர்கள். தைரியத்துக்கு அவர்களிடம் குறைவே இல்லை.

இனி அந்த மூன்று கேள்விகள்.

முதலாவது: "இந்த வழிக்கு, இந்த மாதத்தில் அனுமதி உண்டா?" அன்று அவர்கள் சென்ற வழிக்கு அனுமதி இல்லை என்றே பிறகு அதிகாரிகள் சொன்னார்கள். பணம் வாங்கிக்கொண்டு அழைத்துப் போகிறவர் "எல்லாம் பார்த்துக்கொள்ளலாம்" என்றால் நம்பிவிடக் கூடாது. சீட்டைக் கண்ணால் பார்க்க வேண்டும். 2018-லேயே தமிழக அரசு மலையேற்றத்துக்குத் தனி விதிகள் வகுத்தது. 2024 அக்டோபரில் 'ட்ரெக் தமிழ்நாடு' என்ற திட்டத்தில் 40 பாதைகளைத் திறந்தது. மாசி, பங்குனியில் புல் காய்ந்து சருகாகிக் கிடக்கும் காலத்தில் பயணத்தைத் தள்ளிப் போட்டால் ஒன்றும் குடி முழுகிவிடாது.

இரண்டாவது: "உள்ளூர் ஆள் யார் கூட வருகிறார்?" கிழக்கு ஆப்பிரிக்காவில் டான்ஸானியா நாட்டில் 5,895 மீட்டர் உயரமுள்ள கிளிமஞ்சாரோ மலை இருக்கிறது. உரிமம் பெற்ற வழிகாட்டி இல்லாமல் அதில் ஏற முடியாது. வாசலிலேயே பெயரைப் பதிய வேண்டும். அவசரப்படுகிறவர்களைப் பார்த்து வழிகாட்டிகள் "போலே, போலே" என்பார்கள். ஸ்வாஹிலி மொழியில் 'மெள்ள, மெள்ள' என்று அர்த்தம். இத்தனை கட்டுப்பாடு உள்ள அந்த மலையிலேயே 2020 அக்டோபரில் பல நாட்கள் தீ எரிந்தது. அப்படியிருக்க, நம் மலையில் வழி தெரியாமல் அலையலாமா?

மூன்றாவது: "வீட்டில் எழுதி வைத்தாயா?" போகும் பாதை, வழிகாட்டியின் டெலிபோன் நம்பர், திரும்பும் நேரம், இவை ஒரு காகிதத்தில் வீட்டில் இருக்கட்டும். மலையில் பல இடங்களில் செல்போன் எடுக்காது. பொழுது சாய்ந்தும் பெண் இறங்கி வரவில்லை என்றால் எங்கே தேடுவது என்று அந்தக் காகிதந்தான் சொல்லும்.

உடுப்பு விஷயமும் உண்டு. நைலான், பாலியெஸ்டர் துணி தீயில் உருகித் தோலில் ஒட்டிக்கொள்ளும். கனத்த பருத்தித் துணியே மேல். தீ மேட்டை நோக்கி வேகமாக ஏறும். ஆகையால் தீக்கு மேல்புறமாக மலையேறி ஓடக் கூடாது. பள்ள ஓடைக்குள் ஒளியவும் கூடாது. அது புகைபோக்கி மாதிரி அனலை இழுக்கும். புல் இல்லாத பாறை, ஏற்கெனவே எரிந்து அடங்கிய தரை, இவற்றைத் தேடிப் பக்கவாட்டில் விலக வேண்டும்.

தீப்புண் பட்டால் சுமார் 20 நிமிஷம் குளிர்ந்த நீரை ஊற்றுங்கள். ஐஸ் கட்டி வேண்டாம். நெய், இங்க், பற்பசை எதுவும் தடவ வேண்டாம். ஒட்டிய துணியைப் பிய்க்காமல், சுத்தமான துணியால் மூடி, 108-க்குச் சொல்லுங்கள்.

இத்தனையும் கேட்டால் மகள் முகத்தைச் சுளிப்பாள். சுளிக்கட்டும்! மூன்று கேள்விக்கும் பதில் சொல்லிவிட்டாளா? முறுக்குப் பொட்டலத்தோடு இன்னும் ஒரு தண்ணீர் பாட்டிலையும் வைத்து, சிரித்த முகமாக வழியனுப்புங்கள்.