எத்தனை முறை குத்துவீர்கள்?

பச்சைக் குழந்தைக்கு ட்ரிப் ஏற்ற முடிவானதும், கதவுக்கு வெளியே நிற்கும் பெற்றோரின் காதில் அடிக்கடி விழும் சொல், 'நரம்பு கிடைக்கவில்லை' என்பது. கொழுகொழுவென்று நிறைமாதத்தில் பிறந்த குழந்தையின் புறங்கையில் இரத்தநாளம் கொழுப்புக்கு அடியில் மறைந்துவிடும். குறைமாதக் குழந்தைக்குத் தோல் மெலிது, நாளம் நீலமாகத் தெரியும், ஆனால் தொட்டால் உடைந்துவிடும். அதற்குள் செலுத்தும் மெல்லிய குழாயான 24 கேஜ் கேனுலா முக்கால் மில்லிமீட்டருக்கும் குறைவான தடிமன் கொண்டது. அதுவே அந்தக் கைக்குப் பெரிது. ஆகவே ஒளியின் உதவியால் நாளத்தைக் காட்டும் கருவிகள் இருக்கின்றன என்று கேள்விப்படும் பெற்றோர், 'அது இருந்தால் நம் குழந்தைக்கு ஒரே குத்துதானே' என்று நம்புவதில் வியப்பில்லை. இந்த நம்பிக்கை பாதிதான் சரி. பெற்றோர் கேட்க வேண்டிய முதல் கேள்வி கருவியைப் பற்றியது அல்ல, எத்தனை முறை குத்த அனுமதி உண்டு என்பதைப் பற்றியது.

கருவிகளில் இரண்டு வகை உண்டு. ஒன்று, தோலை ஒட்டி வைக்கும் விளக்கு. அறை வெளிச்சத்தைக் குறைத்து, குழந்தையின் உள்ளங்கைக்கு அடியில் அதைப் பிடித்தால் கை சிவப்பாக ஒளிரும். நடுவே நாளம் கருங்கோடாகத் தெரியும். இந்த முறையைப் பச்சைக் குழந்தைகளுக்கு இரத்தம் எடுக்கப் பயன்படுத்தலாம் என்று அமெரிக்க மருத்துவர்கள் 1975லேயே எழுதினார்கள். மற்றது, கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்புக் கதிரைத் தோல்மேல் பாய்ச்சும் கருவி. ஆக்சிஜன் குறைந்த இரத்தம் அந்தக் கதிரை அதிகம் உறிஞ்சிக்கொள்ள, சுற்றியுள்ள திசு திருப்பியனுப்புகிறது. அந்த வேறுபாட்டைக் கேமரா பிடித்து, நாளங்களின் படத்தை அப்படியே தோல்மேல் வரைந்து காட்டும். கருநிறத் தோலில் நம் கண்ணுக்கு நாளம் எளிதில் புலப்படாது. தோலுக்கு நிறம் தரும் மெலனின் அகச்சிவப்புக் கதிரை அவ்வளவாகத் தடுப்பதில்லை என்பதால், இந்தியக் குழந்தைகளுக்கு இந்த இரண்டாவது வகை பயன்படும் என்று எதிர்பார்க்க நியாயமான காரணம் உண்டு.

ஆனால் நாளம் தெரிவது வேறு, அதற்குள் ஊசி இறங்குவது வேறு. 2012ல் வெளியான ஓர் ஆய்வில் 146 பிள்ளைகளை இரு குழுக்களாகப் பிரித்து ஒப்பிட்டார்கள். அகச்சிவப்புக் கருவியோடு முதல் முயற்சியில் வெற்றி கண்டது 75 விழுக்காடு, வழக்கமான முறையில் 73 விழுக்காடு. மறு ஆண்டு நெதர்லாந்தில் 1,913 பிள்ளைகளிடம் மூன்று கருவிகளைச் சோதித்தபோதும் முதல் முயற்சி வெற்றி கூடவில்லை. இவை எல்லா வயதுப் பிள்ளைகளையும் சேர்த்துச் செய்த ஆய்வுகள், பச்சைக் குழந்தைகளுக்கு அப்படியே பொருந்தாது என்று ஒருவர் மறுக்கலாம், மறுப்பு சரியே. ஆனால் பச்சைக் குழந்தைகளுக்கே நீண்ட நாளக் குழாய் போடுவதில் நடந்த 2012ஆம் ஆண்டு ஆய்வொன்றில், கருவியின் பயன் கருவில் அதிக வாரங்கள் வளர்ந்த குழந்தைகளிடமே கூடுதலாகத் தெரிந்தது. யாருக்கு அதிகம் தேவையோ, அந்தச் சின்னஞ்சிறு குறைமாதக் குழந்தைகளிடம் அதே பலன் கிடைக்கவில்லை. காரணம் புரியாததல்ல. தோல்மேல் விழும் படம் நாளம் ஓடும் வழியைக் காட்டும், ஆழத்தைக் காட்டாது. குழந்தை கையை இழுத்தால் நாளமும் நகரும். ஊசி நுனி நாளத்தின் சுவரைத் தொடும் அந்தக் கணத்தை இன்னமும் விரல்தான் உணர்ந்தாக வேண்டும்.

ஒளி தீங்கு செய்யாது என்று நினைப்பதும் தவறு. தோலை ஒட்டி வைத்த விளக்கால் பச்சைக் குழந்தைக்கு இரண்டாம் நிலைத் தீக்காயம் ஏற்பட்டதை 1979லேயே மருத்துவ இதழ் பதிவு செய்திருக்கிறது. விளக்கின் வாயளவுக்கு வட்டமாகக் கொப்புளம் எழும். வேறு கடுமையான தோல்நோய் என்று மருத்துவர்களே மயங்கிய நேர்வுகளும் உண்டு. இன்றைய எல்இடி விளக்குகள் பெரிதும் சூடாவதில்லை. ஆனாலும் ஒரே இடத்தில் நெடுநேரம் அழுத்திப் பிடிக்கக்கூடாது, குழந்தையின் கண்ணில் நேராக ஒளி படக்கூடாது, ஒரு குழந்தையிடமிருந்து மறு குழந்தைக்குப் போகும்முன் துடைத்துச் சுத்தம் செய்ய வேண்டும். சிங்கப்பூரில் மருத்துவக் கருவிகள் சுகாதார அறிவியல் ஆணையத்தின் கண்காணிப்பில் உள்ளன. பதிவான கருவிகளின் பட்டியலை யாரும் இணையத்தில் பார்க்கலாம். ஆனால் பதிவு என்பது கருவியின் பாதுகாப்புக்கும் செயல்திறனுக்கும் தரும் ஒப்புதல். உங்கள் குழந்தைக்கு ஒரே குத்தில் கிடைத்துவிடும் என்ற உறுதிமொழி அல்ல.

அப்படியானால் குழந்தையைக் காப்பது எது? எண்ணிக்கைக்கு ஒரு வரம்பு. அமெரிக்க உட்செலுத்துத் தாதியர் சங்கத்தின் நெறிமுறை, ஒருவர் இரண்டு முறைக்கு மேல் முயலக்கூடாது என்கிறது. அதன்பின் கைதேர்ந்தவரை அழைக்க வேண்டும். ஒவ்வொரு தோல்வியும் ஒரு நாளத்தைச் சில நாள்களுக்குப் பயனற்றதாக்கிவிடுவதால், இது கருணை சார்ந்த விதி மட்டுமல்ல, சிகிச்சைக்கான கையிருப்பைக் காக்கும் விதியும்கூட. வலியையும் இதில் சேர்த்தே எண்ண வேண்டும். பிறந்த குழந்தைக்கு வலி தெரியாது என்று மருத்துவ உலகம் 1980கள்வரை பரவலாக நம்பியது. கன்வல்ஜீத் ஆனந்த் என்ற இந்திய மருத்துவர் 1987ல் வெளியிட்ட ஆய்வுகள்தாம் அந்த நம்பிக்கையை உடைத்தன. அதற்குப் பிறகும், பாரிஸ் வட்டாரத்தில் 430 பச்சைக் குழந்தைகளைக் கவனித்து 2008ல் வெளியிட்ட ஆய்வில், ஒரு குழந்தைக்கு நாளொன்றுக்குச் சராசரியாகப் பத்து வலிமிக்க செயல்கள் நடந்ததும், அவற்றில் ஐந்தில் நான்கு பங்கு தனிப்பட்ட வலிக்குறைப்பு இல்லாமலே நடந்ததும் தெரியவந்தது. குத்துவதற்குச் சற்றுமுன் நாக்கில் சில துளி சர்க்கரைக் கரைசல், முடிந்தால் தாய்ப்பால், துணியில் பொதிந்து அணைத்தல் ஆகியவை வலியைக் குறைப்பது நிறுவப்பட்ட உண்மை. விலை உயர்ந்த கருவியைத் தேடும் முன் இவற்றைக் கேட்க வேண்டும்.

இங்கே ஒரு நியாயமான எதிர்ப்பு எழும். குழந்தை உயிருக்குப் போராடும்போது பெற்றோர் கேள்வி கேட்டு நின்றால் தாதியின் கை நடுங்காதா? நெருக்கடியில் கேள்விக்கு இடமில்லை. அப்போது தொப்புள் நாளம், எலும்பு வழி என்று மருத்துவர்களுக்கு வேறு பாதைகள் உள்ளன, அவர்களை வேலை செய்ய விடுவதே முறை. ஆனால் பெரும்பாலான ஊசிகள் நெருக்கடியில் போடப்படுபவை அல்ல. கிருமிக்கொல்லி மருந்துக்காகவும் மறுநாள் இரத்தப் பரிசோதனைக்காகவும் போடப்படுபவை. அவற்றில் கேட்பதற்கு நேரம் உண்டு, சட்டத்தின் துணையும் உண்டு. சிங்கப்பூரின் குடிமைச் சட்டத்தில் சேர்க்கப்பட்டு 2022 ஜூலை 1 முதல் நடப்பிலுள்ள 37ஆம் பிரிவு, மருத்துவ ஆலோசனையின் தரத்தை அளக்கும்போது, நோயாளி வெளிப்படையாகத் தெரிவித்த கவலைகளையும் கேள்விகளையும் கணக்கில் எடுத்துக்கொள்கிறது. வாய்விட்டுக் கேட்ட கேள்விக்குச் சட்டத்தில் எடை கூடுகிறது. மனத்துக்குள் வைத்திருந்த பயத்துக்கு அந்த எடை கிடைப்பது கடினம். ஆனால் கேட்கத் தயங்கும் பழக்கம் நம்மிடம் பழையது. லிட்டில் இந்தியாவை ஒட்டி புக்கிட் தீமா ரோட்டில் நிற்கும் கேகே மகளிர், சிறுவர் மருத்துவமனையின் பழைய கட்டடத்தில் 1966ல் மட்டும் 39,835 குழந்தைகள் பிறந்தன; அந்த எண்ணிக்கை கின்னஸில் இடம்பெற்றது. லிட்டில் இந்தியாவைச் சுற்றி வாழ்ந்த தமிழ்க் குடும்பங்களில் பல தலைமுறைகள் அங்கே பிறந்தவை. டாக்டரிடம் எதிர்க்கேள்வி கேட்பது மரியாதைக்குறைவு என்ற பழக்கமும் அதே வீடுகளில் தலைமுறையாக வந்திருக்கிறது. அதை விட்டுவிட வேண்டும். ஆங்கிலத்தில் கேட்கத் தயக்கம் என்றால் தமிழ் தெரிந்த பணியாளரை அழைத்துத் தரச் சொல்லலாம்.

கேனுலா நாளத்துக்குள் இறங்கியதும் ஆபத்து முடிந்துவிடுவதில்லை. உண்மையில் பெரிய காயங்கள் பிறகுதான் வருகின்றன. குழாய் நழுவி, கால்சியமோ அடர்த்தியான குளுக்கோஸோ நாளத்துக்கு வெளியே கசிந்தால் திசு வெந்ததுபோல் அழியலாம், தழும்பு நிற்கலாம். கேனுலா இருக்கும் கையை மறு கையோடு ஒப்பிட்டுப் பாருங்கள்: வீக்கம், வெளிறல், கொப்புளம், தொட்டால் சில்லென்றோ இறுக்கமாகவோ இருத்தல், மருந்து ஏறும்போது மட்டும் குழந்தை வீறிடுதல். எது தெரிந்தாலும் அடுத்த சோதனை நேரம்வரை காத்திராமல் உடனே தாதியை அழைக்க வேண்டும்; மருந்தை நிறுத்துவதும் சிகிச்சை தொடங்குவதும் எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது. ஒட்டுப்பட்டை ஊசி முனையைச் சுற்றிய தோலை முழுக்க மறைத்திருந்தால், தெரியும்படி ஒட்டித் தரச் சொல்லுங்கள்.

காயம் ஏற்பட்டுவிட்டால், தேதியும் நேரமும் தெரியும்படி படம் எடுத்து, என்ன மருந்து ஏறிக்கொண்டிருந்தது, எப்போது கண்டுபிடிக்கப்பட்டது என்பதை அன்றே எழுதி வையுங்கள். மருத்துவப் பதிவின் நகலுக்கும் விளக்கத்துக்கும் முதலில் மருத்துவமனையின் சேவைத் தரப் பிரிவை அணுகலாம். பதில் போதவில்லை என்றால் சுகாதார அமைச்சு உண்டு. மருத்துவரின் நடத்தை குறித்து என்றால் சிங்கப்பூர் மருத்துவ மன்றம், தாதியர் குறித்து என்றால் சிங்கப்பூர் தாதியர் வாரியம். நீதிமன்றத்துக்குப் போகும்முன் சமரசப் பேச்சுக்கும் வழி இருக்கிறது. நாளம் உடைவதும் கசிவதும் யாருடைய கவனக்குறைவும் இல்லாமலே நேரக்கூடியவை. ஆகவே புகாரில் கேட்க வேண்டியது, ஏன் உடைந்தது என்பதை மட்டுமல்ல. எத்தனை பேர், எத்தனை முறை முயன்றார்கள், எப்போது மூத்தவரை அழைத்தார்கள், கேனுலாவை எத்தனை மணிக்கு ஒருமுறை பார்த்தார்கள் என்பதைக் கேளுங்கள்.