'அபாயமில்லை' என்ற சொல்

பூமி அதிர்ந்தால் வீட்டைவிட்டு வெளியேறி, நகரச் சதுக்கத்திலோ காருக்குள்ளோ இரவைக் கழிப்பது, மத்திய இத்தாலியின் மலைப்பிரதேசமான அப்ருட்ஸோவில் தலைமுறை தலைமுறையாக வந்த வழக்கம். அதன் தலைநகரான லாக்விலா, 1461-லும் 1703-லும் பூகம்பத்தால் நொறுங்கி மீண்டும் எழுந்த ஊராகையால், அந்த வழக்கத்தின் பொருளை அங்கே யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. ஆயினும் 2009 ஏப்ரல் 6-ஆம் தேதி விடியுமுன் 3.32 மணிக்கு 6.3 அளவுள்ள பூகம்பம் அந்நகரைக் குலுக்கியபோது, நள்ளிரவுக்குச் சற்று முன்னும் பின்னுமாக இரண்டு அதிர்வுகள் எச்சரித்திருந்தும், பல குடும்பங்கள் கட்டிலைவிட்டு எழாமல் வீட்டுக்குள்ளேயே இருந்தன. இறந்தவர்கள் 309 பேர்.

அவர்கள் ஏன் வெளியே போகவில்லை என்பதை அறிய, அதற்கு முந்தைய சில மாதங்களைப் பார்க்க வேண்டும். அந்தக் குளிர்காலம் முழுவதும் லாக்விலாவின் தரை சிறிது சிறிதாக அதிர்ந்துகொண்டே இருந்தது. ஜியாம்பாவ்லோ ஜூலியானி என்பவர், அருகிலுள்ள கிரான் ஸாஸோ மலைக்கடியில் அமைந்த பௌதிக ஆராய்ச்சிக் கூடத்தில் தொழில்நுட்பப் பணியாளர். பூகம்ப சாஸ்திரத்தை முறையாகப் பயின்றவரல்லர். ஆனால் அதில் தீராத ஈடுபாடு கொண்டு, தாமே அமைத்த கருவிகளால் தரையிலிருந்து கசியும் ரேடான் வாயுவை அளந்துவந்தார். பாறைகளில் அணுவளவாகக் கலந்திருக்கும் யுரேனியம் படிப்படியாகச் சிதைந்து ரேடியமாகி, அந்த ரேடியத்திலிருந்து பிறப்பது ரேடான், 3.8 நாட்களில் பாதியாகக் குறைந்துவிடும் அற்பாயுளுடையது. அழுத்தம் ஏறிய பாறைகளில் மயிரிழை போன்ற வெடிப்புகள் விழுமானால், உள்ளே அடைபட்டிருந்த வாயு அதிகமாக வெளிப்படக்கூடும் என்பது யுக்திக்குப் பொருந்திய எண்ணமே. பல தேசத்து விஞ்ஞானிகளும் அதை நெடுங்காலம் ஆராய்ந்திருக்கிறார்கள்.

அவர்கள் கண்டது என்னவென்றால், மழை பெய்தாலும், காற்றின் அழுத்தம் மாறினாலும்கூட ரேடானின் அளவு ஏறி இறங்குகிறது என்பதே. ரேடான் ஏறியும் பூகம்பம் வராத இடங்கள் உண்டு; ஏறாமலே பூகம்பம் வந்த இடங்களும் உண்டு. எந்த ஊரில், எந்த நாளில், எவ்வளவு பெரிதாக என்று கேட்டால் அந்த வாயு விடை சொல்வதில்லை. மார்ச் மாதக் கடைசியில், லாக்விலாவுக்குத் தென்கிழக்கே சுமார் 50 கிலோமீட்டரில் உள்ள ஸுல்மோனாவில் பெரும் பூகம்பம் வரப்போவதாக ஜூலியானி எச்சரித்தார் என்ற செய்தி பரவி, அவ்வூர் ஜனங்கள் கலங்கிப்போனார்கள். பூகம்பம் வரவில்லை, பீதியைக் கிளப்பினார் என்று அவர்மீது புகார் எழுந்தது. பின்னாளில் அவரைத் தீர்க்கதரிசியென்று கொண்டாடியவர்கள் மறந்துவிட்ட விஷயம் இது: அவர் சொல்லைக் கேட்டிருந்தால் ஸுல்மோனா காலியாகியிருக்கும், லாக்விலா உறங்கிக்கொண்டே இருந்திருக்கும்.

மார்ச் 30-ஆம் தேதி லாக்விலாவில் 4.1 அளவில் ஓர் அதிர்வு நேர்ந்தது. மறுநாள், பேராபத்துகளை மதிப்பிடும் தேசிய ஆணையத்தின் நிபுணர்கள் அந்நகரத்துக்கு வந்து சுமார் ஒரு மணி நேரம் கூடிப் பேசினார்கள். அங்கே நிபுணர்கள் பேசியது பெரும்பாலும் நிதானமான பேச்சு; பெரும் பூகம்பம் வருமென்று சொல்லவும் முடியாது, வராதென்று சொல்லவும் முடியாது என்பதே அதன் சாரம். ஆனால் கூட்டம் தொடங்குமுன்பே, குடிமைப் பாதுகாப்புத் துறையின் உதவித் தலைவர் பெர்னார்தோ தே பெர்னார்தினிஸ் தொலைக்காட்சிக்குப் பேட்டியளித்திருந்தார். சிறு அதிர்வுகளால் பூமியின் சக்தி வெளியேறிக்கொண்டிருக்கிறது, ஆகையால் நிலைமை சாதகமானதே, அபாயமில்லை என்று விஞ்ஞானிகள் தம்மிடம் சொல்வதாக அவர் கூறினார். கவலைப்படுவதைவிட ஒரு கோப்பைத் திராட்சை மது அருந்தலாமா என்று நிருபர் கேட்டதற்கு, ஆமாம் என்று ஒத்துக்கொண்டு மதுவின் பெயரையும் சொன்னார்.

சக்தி வெளியேறிவிட்டது என்ற அந்த வாக்கியம் சாஸ்திரத்துக்கு முற்றிலும் விரோதமானது. பூகம்ப அளவில் ஓர் எண் கூடினால் வெளிப்படும் சக்தி சுமார் 32 மடங்கு கூடுகிறது. 6 அளவுள்ள ஒரு பூகம்பத்தின் சக்தி தீர வேண்டுமானால், 4 அளவுள்ள அதிர்வுகள் ஏறக்குறைய ஆயிரம் நிகழவேண்டும். சில நூறு சிறு அதிர்வுகளால் மலையடியில் சேர்ந்திருக்கும் அழுத்தம் கரைந்துவிடும் என்பது, ஏரிநீரை உழக்கால் இறைத்து வற்றச் செய்யலாம் என்பது போன்றது. இவ்வளவு பிழையான வார்த்தையை மறுநாளே உரக்க மறுத்துச் சொல்ல ஒருவரும் முன்வராததுதான் என் மனத்தை இன்றளவும் வருத்துகிறது. பட்டமில்லாத ஒருவருடைய வாக்கைப் பொய்யென்று காட்டவேண்டும் என்ற அவசரத்தில், தாங்கள் பதில் சொல்ல வேண்டியது ஜூலியானிக்கன்று, பழைய கல்வீடுகளில் வாழும் ஜனங்களுக்கு என்பதை அதிகாரிகள் மறந்துவிட்டார்கள்.

அனுபவ அறிவும் சாஸ்திர அறிவும் இப்படி மோதித்தான் தீரவேண்டும் என்பதில்லை. 1975-இல் சீனத்தின் ஹைச்செங் பிரதேசத்தில், கிணற்று நீர் மாறுவதையும் பிராணிகள் மிரள்வதையும் கிராமத்தவர் கவனித்துத் தெரிவித்தார்கள்; சிறு அதிர்வுகள் மளமளவென்று பெருகுவதை நிலையங்களில் இருந்தவர்கள் கண்டார்கள்; பிப்ரவரி 4-ஆம் தேதி, கடுங்குளிரில், பலர் வீடுகளைவிட்டு வெளியேற்றப்பட்ட பிறகு மாலையில் 7.3 அளவுள்ள பூகம்பம் வந்தது. அங்கே பேருதவி செய்தது அந்தச் சிறு அதிர்வுகளின் பெருக்கமே. மறு ஆண்டு அதே சீனத்தின் டாங்ஷானில் பூகம்பம் வந்தபோது அத்தகைய முன்னறிகுறி கிட்டவில்லை. அரசின் கணக்குப்படி சுமார் 2,42,000 பேர் மாண்டார்கள்.

லாக்விலாவில் அன்று கூடிப் பேசியவர்கள்மீது பின்னர் தொடரப்பட்ட வழக்கில், 2012 அக்டோபரில் ஆறு விஞ்ஞானிகளுக்கும் தே பெர்னார்தினிஸுக்கும் தலா ஆறாண்டுச் சிறை விதிக்கப்பட்டது. பூகம்பத்தை முன்கூட்டிச் சொல்லாததற்காகத் தண்டனையா என்று உலகமெங்கும் விஞ்ஞானிகள் கொதித்தார்கள்; ஆனால் வழக்கு முன்கூட்டிச் சொல்லாததைப் பற்றியதன்று, ஆராயாமல் தைரியம் சொன்னதைப் பற்றியது. 2014-இல் மேல்முறையீட்டில் ஆறு விஞ்ஞானிகளும் விடுதலையானார்கள். தே பெர்னார்தினிஸின் தண்டனை இரண்டாண்டாகக் குறைந்தது. 2015-இல் உச்ச நீதிமன்றம் அதை உறுதி செய்தது. முதல் விசாரணையில் சாட்சி சொன்னவர்கள், சிறு பிராயத்தில் தரை ஆடிய இரவுகளில் தங்கள் தந்தைமார் தங்களை வெளியே கூட்டிச்சென்ற கதையைச் சொன்னார்கள். அந்த ஏப்ரல் இரவில், படித்தவர்கள் சொல்லியிருக்கிறார்களே என்று, தங்கள் பிள்ளைகளைத் தாங்கள் வீட்டுக்குள்ளேயே படுக்கவைத்ததையும் சொன்னார்கள்.