உங்களுக்குத் தெரியுமா? கொழும்புக்கு வந்து திரும்பிப்போன 2 கோடி டொலர்

● 2016 பெப்ரவரியில் பங்களாதேஷ் மத்திய வங்கியின் கணக்கிலிருந்து திருடிய பணத்தில் 2 கோடி டொலரை இணையத் திருடர்கள் அனுப்பியது கொழும்புக்குத்தான். இங்குள்ள ஒரு அமைப்பின் பெயரில், பான் ஏசியா வங்கிக்கு. 'ஃபவுண்டேஷன்' என்று எழுதவேண்டிய இடத்தில் 'ஃபண்டேஷன்' என்று எழுதிவிட்டார்கள். இடையில் பணத்தைக் கைமாற்றிய டொய்ச்சே வங்கி விளக்கம் கேட்டது. இலங்கைக்கு இவ்வளவு பெரிய தொகையா என்று இங்கேயும் சந்தேகம் எழுந்தது. பணம் தப்பியது. பிலிப்பைன்ஸுக்குப் போன 8 கோடி 10 இலட்சம் டொலரில் பெரும்பகுதி சூதாட்ட விடுதிகளுக்குள் போய் மறைந்தது.

பங்களாதேஷ் மத்திய வங்கிக்குள் திருடர்கள் நுழைந்த வழி, ஓராண்டுக்கு முன் வேலை கேட்டு வந்த மரியாதையான மின்னஞ்சல். சுயவிபரக் கோவையைப் பார்க்க இங்கே அழுத்துங்கள் என்றது. சிலர் அழுத்தினார்கள்.

● எழுத்துப் பிழை காட்டிக்கொடுக்கும் என்று இனி இருக்க முடியாது. செயற்கை நுண்ணறிவு பிழையில்லாமல் எழுதிக் கொடுக்கிறது. பார்க்கவேண்டியது இணைய முகவரியின் வாலை. "உங்கள் பொதி வந்துள்ளது, விலாசம் முழுமையில்லை" என்று தபால் திணைக்களத்தின் பெயரில் வரும் குறுஞ்செய்திகள் போலியானவை என்று திணைக்களமே எச்சரித்திருக்கிறது. உண்மையான தளம் 'எஸ்எல்போஸ்ட் டொட் ஜிஓவி டொட் எல்கே'. போலியிலும் 'எஸ்எல்போஸ்ட்' இருக்கலாம், 'ஜிஓவி'யும் இருக்கலாம். முடிவு மட்டும் 'டொட் டொப்' என்றோ 'டொட் ஷொப்' என்றோ இருக்கும். கேட்பது சில்லறைக் காசுதான். களவு போவது உங்கள் அட்டை இலக்கம்.

● அடையாள அட்டை இலக்கத்தைச் சொன்னால் பிறந்தநாளையும் சொன்னதாகிவிடும். 12 இலக்க அட்டையில் முதல் நான்கும் பிறந்த ஆண்டு. அடுத்த மூன்றும் அந்த ஆண்டின் எத்தனையாவது நாள் என்பது. பெண்களுக்கு அதனோடு 500 கூட்டப்படும். பெப்ரவரிக்கு எந்த ஆண்டிலும் 29 நாள் கணக்கு. ஆக, 1990561 என்று தொடங்கினால் அது 1990 மார்ச் 1இல் பிறந்த ஒரு பெண்ணின் அட்டை. பிறந்த திகதியையே பின் நம்பராக வைத்திருப்பவர்கள் இன்றே மாற்றுங்கள்.

வெள்ளவத்தையில் மாடிக் குடியிருப்புகளுக்குப் போகும்போது வாசலில் காவலாளியின் கொப்பியில் பெயர், அடையாள அட்டை இலக்கம், போன் நம்பர் மூன்றையும் ஒரே வரியில் எழுதிவிட்டு லிஃப்ட் ஏறுகிறோம். பின்னால் வருபவர் எழுதப்போவதும் அதே பக்கத்தில்தான். இலக்கம் கட்டாயமா என்று கேட்பதில் வெட்கம் வேண்டாம். கொட்டாஞ்சேனையில் போட்டோக் கொப்பி எடுத்தால், மங்கலாக விழுந்த பிரதியைக் கடையில் விட்டுவராதீர்கள். கொடுக்கும் பிரதியின் குறுக்கே, எதற்காக, எந்தத் திகதியில் என்று பேனாவால் எழுதுங்கள்.

● 2023 ஓகஸ்ட்டில் இலங்கை அரசின் மின்னஞ்சல் சேவையே கப்பம் கேட்கும் நச்சுநிரலிடம் மாட்டியது. மே 17 முதல் ஓகஸ்ட் 26 வரையான மின்னஞ்சல்கள் அழிந்தன. அந்தக் காலத்துக்குக் காப்புப் பிரதி இருக்கவில்லை. உங்கள் முக்கிய ஆவணங்களுக்கு இருக்கிறதா?

● "மாமி, தவறுதலா உங்கட நம்பருக்கு ஒரு கோட் வந்திட்டுது, அனுப்பிவிடுங்கோ." கனடாவிலிருக்கும் மருமகனின் வட்ஸ்அப்பிலிருந்தே இது வரும், ஏனென்றால் அவருடைய கணக்கு ஏற்கெனவே களவு போயிருக்கும். ஆறு இலக்கத்தையும் கொடுத்தால் அடுத்தது உங்களுடையது. பிறகு உங்கள் பெயரில் உறவுகளிடம் காசு கேட்கப்படும். எதையும் அனுப்பமுதல் அவரோடு நேரே பேசுங்கள்.

கொடுத்துவிட்டீர்களா? உடனே உங்கள் போனில் வட்ஸ்அப்பைத் திறந்து, நம்பரை மீண்டும் பதிந்து, குறுஞ்செய்தியில் வரும் புதிய கோட்டைப் போடுங்கள். திருடன் அந்தக் கணமே வெளியேற்றப்படுவான். அவன் உங்கள் கணக்கில் பின் நம்பர் போட்டிருந்தால் நீங்கள் உள்ளே போக 7 நாள் காத்திருக்க வேண்டும்; ஆனால் அவனாலும் பாவிக்க முடியாது. இரண்டு படிச் சரிபார்ப்பை முன்பே போட்டுவைத்தால் இந்தக் காத்திருப்பு இல்லை.

● அட்டை இலக்கமோ ஓடிபியோ போய்விட்டால் முதல் அழைப்பு உங்கள் வங்கிக்கு, அட்டையை நிறுத்த. அடுத்தது 101, இணையப் பாதுகாப்பைக் கவனிக்கும் இலங்கை சேர்ட்.