அதிகாரமும் ஆய்வகமும் – 6: பர்லிங்டன் ஹவுஸில் இரண்டு சிறிய அறைகள்

1933 ஏப்ரல் 1 அன்று பெர்லினில் பிரஷ்ய அறிவியல் அகாடமி பத்திரிகைகளுக்கு ஓர் அறிக்கை கொடுத்தது. அதற்குச் சில நாட்கள் முன்புதான் ஐன்ஸ்டைன் அகாடமியிலிருந்து விலகியிருந்தார். வெளிநாட்டில் இருந்துகொண்டு புதிய ஆட்சியை விமர்சிக்கிறார் என்று அகாடமி அவரைக் கண்டித்தது. அவர் போனதில் தங்களுக்கு வருத்தம் இல்லை என்றும் சொன்னது. இயற்பியலாளர் மாக்ஸ் ஃபான் லாவேக்கு இதைப் பொறுக்க முடியவில்லை. அறிக்கையை மறுபரிசீலனை செய்யச் சிறப்புக் கூட்டம் கேட்டார். கூட்டமும் நடந்தது. ஆனால் அறிக்கை அப்படியே நின்றது.

ஏப்ரல் 7 அன்று அரசுப் பணியைச் 'சீரமைக்கும்' சட்டம் வந்தது. ஜெர்மனியில் பல்கலைக்கழகப் பேராசிரியர்கள் அரசு ஊழியர்கள். யூத வம்சாவளியினரையும், அரசியலில் நம்பத்தகாதவர் என்று முத்திரை குத்தப்பட்டவர்களையும் வெளியேற்ற அந்த ஒரு சட்டமே போதுமானதாக இருந்தது. கட்டிங்கன் பல்கலைக்கழகத்தில் இயற்பியலாளர் ஜேம்ஸ் ஃபிராங்க் முதல் உலகப் போரில் பணியாற்றியவர் என்பதால் அவருக்கு விதிவிலக்கு இருந்தது. அதை ஏற்க மறுத்து, தன் எதிர்ப்பை வெளிப்படையாகச் சொல்லிவிட்டே பதவி விலகினார். அதே பல்கலைக்கழக ஆசிரியர்கள் 42 பேர் சேர்ந்து, ஃபிராங்க் செய்தது நாசவேலைக்குச் சமம் என்று கையெழுத்திட்டார்கள். அடுத்த சில நாட்களில் இயற்பியலாளர் மாக்ஸ் பார்ன், கணிதமேதை எம்மி நோதர் ஆகியோரின் பணியும் போயிற்று. தன் பெயரைச் செய்தித்தாளில் பார்த்துத்தான் பார்ன் இதைத் தெரிந்துகொண்டார்.

முப்பது பேராசிரியர்களைத் திரட்டி எதிர்க்கலாமே என்று வேதியியலாளர் ஓட்டோ ஹான் இயற்பியலாளர் மாக்ஸ் பிளாங்கிடம் யோசனை சொன்னார். இன்று முப்பது பேர் எழுந்து நின்றால், அவர்களுடைய நாற்காலிகளுக்கு ஆசைப்பட்டு நாளை நூற்றைம்பது பேர் எதிராக வருவார்கள் என்பது பிளாங்கின் பதில். அவர் கணித்தது தவறில்லை. ஆனால் அந்தக் கணிப்போடு நின்றுவிட்டதுதான் ஜெர்மன் அறிவியல் அமைப்புகளின் தோல்வி. முயன்ற இடத்தில் பலன் கிடைத்ததற்குச் சான்று இருக்கிறது. அதே ஆண்டு செப்டம்பரில் வூர்ட்ஸ்பர்க் நகரில் கூடிய ஜெர்மன் இயற்பியல் சங்கத்தின் தலைவராக நாஜி ஆதரவாளர் யோஹானஸ் ஸ்டார்க் வர முயன்றார். லாவே கலிலியோவின் கதையை எடுத்துச் சொல்லி மேடையிலேயே எதிர்த்தார். ஸ்டார்க்கால் தலைவராக முடியவில்லை. அடுத்த ஐந்தாண்டுகளில் அந்தத் தைரியமும் கரைந்துபோனது. 1938 டிசம்பரில் அதே சங்கம் தன்னிடம் எஞ்சியிருந்த யூத உறுப்பினர்களை வெளியேறச் சொல்லிக் கடிதம் அனுப்பியது.

1933 ஏப்ரலின் அதே நாட்களில் வியன்னாவில் வேறொரு கதை தொடங்கியது. ஹங்கேரி இயற்பியலாளர் லியோ சிலார்ட், ஆபத்தை மோப்பம் பிடித்து, எல்லையில் சோதனை கடுமையாவதற்கு ஒரு நாள் முன்பு பெர்லினிலிருந்து ரயிலேறி வந்திருந்தார். லண்டன் பொருளாதாரப் பள்ளியின் இயக்குநர் வில்லியம் பெவரிட்ஜும் அப்போது அங்கே இருந்தார். பணிநீக்கம் செய்யப்பட்ட பேராசிரியர்களின் பெயர்கள் பத்திரிகைகளில் வந்துகொண்டிருந்தன. இவர்களுக்காக ஏதாவது செய்ய வேண்டும் என்று சிலார்ட் பெவரிட்ஜை நெருக்கினார். லண்டன் திரும்பிய பெவரிட்ஜ் நேரத்தை வீணாக்கவில்லை. முதலில் அவருடைய பள்ளி ஆசிரியர்களே தங்கள் சம்பளத்தில் ஒரு பங்கை எடுத்துக் கொடுக்க முன்வந்தார்கள்.

மே மாத இறுதியில் கல்வியாளர் உதவி மன்றம் பிறந்தது. எர்னஸ்ட் ரூதர்ஃபோர்டு தலைவர். பொருளியல் அறிஞர் கெய்ன்ஸ் உட்பட நாற்பதுக்கும் மேற்பட்டோர் வேண்டுகோளில் கையெழுத்திட்டார்கள். ராயல் சொசைட்டி, பிக்காடிலியில் உள்ள பர்லிங்டன் ஹவுஸின் மேல்தளத்தில் தனக்கிருந்த இரண்டு சிறிய அறைகளை மன்றத்துக்குக் கொடுத்தது. உலகின் பழம்பெரும் அறிவியல் சங்கங்களில் ஒன்று தன் முகவரியையே கொடுத்தது என்பதுதான் இதில் முக்கியம். எந்த நாட்டுப் பல்கலைக்கழகமானாலும் அந்த முகவரியிலிருந்து வரும் கடிதத்தைப் பிரிக்காமல் விடாது.

அந்த அறைகளின் உயிர்நாடி எஸ்தர் சிம்ப்சன். லீட்ஸ் நகரில் பிறந்தவர், வயலின் கலைஞர். ஜெனீவாவில் பார்த்த வேலையை விட்டுவிட்டு, அங்கே வாங்கியதைவிட மிகக் குறைந்த சம்பளத்துக்கு 1933 ஜூலையில் வந்து சேர்ந்தார். ஒவ்வோர் அறிஞருக்கும் ஒரு கோப்பு திறக்கப்பட்டது. கல்வி, ஆய்வுக் கட்டுரைகள், பரிந்துரைப்போர், தெரிந்த மொழிகள், குடும்பம் என எல்லாம் அதில் பதிவாயின. தென் அமெரிக்காவுக்குப் போவீர்களா, தூரக்கிழக்குக்கு, ரஷ்யாவுக்கு, வெப்ப நாடுகளுக்குப் போவீர்களா என்று வினாத்தாளில் கேள்விகள் இருந்தன. பேராசிரியராக மரியாதையோடு வாழ்ந்த ஒருவர் ஐம்பது வயதில் அந்தக் கட்டங்களை நிரப்பும்போது என்ன நினைத்திருப்பார்! உதவித்தொகை குடும்பஸ்தருக்கு ஆண்டுக்கு 250 பவுண்டு, தனியாளுக்கு 182 பவுண்டு. உயிர் வாழலாம், ஆய்வைத் தொடரலாம், அவ்வளவுதான். இப்படி 2,500க்கும் மேற்பட்டோரின் விவரங்கள் அங்கே சேர்ந்தன. மன்றம் துணைநின்றவர்களில் 16 பேர் நோபல் பரிசு பெற்றவர்கள்.

அக்டோபர் 3 அன்று ராயல் ஆல்பர்ட் ஹாலில் நிதி திரட்டக் கூட்டம். ரூதர்ஃபோர்டு தலைமை, ஐன்ஸ்டைன் பேச்சு. கிட்டத்தட்ட 10,000 பேர் திரண்டார்கள். ஐன்ஸ்டைன் அறிவுச் சுதந்திரத்தைப் பற்றிப் பேசினார், ஹிட்லரின் பெயரைச் சொல்லவில்லை. மன்றத்தின் முதல் வேண்டுகோளும் அப்படித்தான். எந்த நாட்டின் மீதும் பகைமை இல்லை, துன்பத்தைத் துடைப்பதும் கல்வியைக் காப்பதும் மட்டுமே நோக்கம் என்றது. அரசியல் சாயம் பூசினால் நன்கொடை குறையும், ஜெர்மனியில் மிச்சமிருப்பவர்களுக்கு ஆபத்து கூடும் என்ற அச்சம் அதில் இருந்தது.

இந்த மௌனத்தை எப்படி எடைபோடுவது? எல்லோரும் அதைக் கடைப்பிடிக்கவில்லை. மன்றத்தின் தூண்களில் ஒருவரான உடலியல் அறிஞர் ஏ. வி. ஹில், நேச்சர் இதழில் நாஜிகளின் அறிவியல் ஒடுக்குமுறையை நேரடியாகச் சாடினார். ஸ்டார்க் ஜெர்மனியிலிருந்து மறுப்பு எழுத, ஹில் விடாமல் பதில் கொடுத்தார். அமைப்பு நிதானமாகப் பேச, அதன் உறுப்பினர் உரக்கப் பேசினார். இரண்டும் தேவைப்பட்ட காலம் அது. ஹில்லின் குரல் இல்லாமல் மன்றம் மட்டும் இருந்திருந்தால், யாரிடமிருந்து இவர்களைக் காப்பாற்றுகிறோம் என்பதே உலகுக்கு மங்கலாகியிருக்கும்.

இன்னொரு குறையையும் சொல்லியாக வேண்டும். பெயர் நிலைபெற்ற ஆய்வாளர்களுக்கே மன்றம் முன்னுரிமை தந்தது. பொருளாதார மந்தத்தில் பிரிட்டிஷ் பட்டதாரிகளே வேலையின்றித் திரிந்த நேரத்தில், வேறு வழியில்லை என்று அதன் பொறுப்பாளர்கள் கருதினார்கள். முதல் கட்டுரையைக்கூட வெளியிட்டிராத இளைஞர்களும், ஜெர்மனியில் நிரந்தரப் பதவி மறுக்கப்பட்டிருந்த பெண் ஆய்வாளர்கள் பலரும் இந்தச் சல்லடையில் நிற்கவில்லை. ஆய்வாளரைக் காப்பது என்றால் ஏற்கெனவே புகழ் பெற்றவரைக் காப்பது மட்டும்தானா என்ற கேள்வி இன்றும் தீரவில்லை.

மாக்ஸ் பார்னின் பாதை நம் ஊர்ப் பக்கமும் வந்தது. கேம்பிரிட்ஜில் அவருக்குக் கிடைத்தது தற்காலிக வேலை. திருச்சியில் பிறந்த சி. வி. ராமன் அப்போது பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தின் இயக்குநர். 1935 இலையுதிர் காலத்தில் பார்ன் அவருடைய அழைப்பில் வந்து ஆறு மாதம் தங்கினார். அவரை அங்கேயே நிரந்தரமாக்க ராமன் பாடுபட்டார். கழகத்தின் கூட்டம் ஒன்றில் ஓர் ஆங்கிலேயப் பேராசிரியர் எழுந்து, சொந்த நாட்டிலிருந்து துரத்தப்பட்ட இரண்டாம் தர ஆள் நமக்குப் போதாது என்றார். பார்ன் அங்கேயே உட்கார்ந்திருந்தார். வீட்டுக்குப் போய் மனைவியிடம் அழுததாகப் பின்னாளில் எழுதியிருக்கிறார். 1936இல் எடின்பரோ அவருக்குப் பேராசிரியர் பதவி தந்தது. 1954இல் நோபல் வந்தது.

அதே 1936இல் மன்றம் 'அறிவியல் மற்றும் கல்விப் பாதுகாப்புச் சங்கம்' என்று பெயர் மாறியது. அதற்குக் கடினமான சோதனையை வைத்தது ஹிட்லர் அல்ல, பிரிட்டிஷ் அரசு. 1940 கோடையில் பிரான்ஸ் வீழ்ந்த பீதியில், ஜெர்மன், ஆஸ்திரியக் குடிமக்களை 'எதிரி நாட்டவர்' என்று பிடித்து அடைத்தார்கள். ஏறத்தாழ 27,000 பேர். நாஜிகளிடமிருந்து தப்பி வந்த ஆய்வாளர்களும் ஐல் ஆஃப் மான் தீவின் முள்வேலிக்குள் போனார்கள். கேம்பிரிட்ஜில் ஆய்வு செய்துகொண்டிருந்த மாக்ஸ் பெருட்ஸைக் கனடாவுக்குக் கப்பலேற்றினார்கள்.

போர்க்காலத்தில் சொந்த அரசை எதிர்த்து வாதாடுவது லேசான காரியமல்ல. ஹில் அப்போது கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தின் நாடாளுமன்ற உறுப்பினர். அவையில் எழுந்து கேள்வி கேட்டார். சிம்ப்சன் மேசையில் உட்கார்ந்து ஒவ்வோர் அறிஞருக்காகவும் தனித்தனியே விடுதலை மனு தயாரித்தார், 500க்கும் மேல். வேலை தேடித் தருவதற்காகத் திறந்த கோப்புகள் இப்போது நாட்டுக்கு விசுவாசமானவர் என்பதற்குச் சாட்சியாயின. ஆய்வாளர்களின் மனுக்களைப் பரிசீலிக்க ராயல் சொசைட்டி குழு அமைத்தது. பெரும்பாலோர் சில மாதங்களில் வெளியே வந்தார்கள். பெருட்ஸ் 1941 ஜனவரியில் திரும்பி வந்து, விட்ட இடத்திலிருந்து ஹீமோகுளோபின் ஆய்வைத் தொடர்ந்தார்.

சோவியத் அறிவியல் அகாடமி அரசின் அத்தனை நெருக்கடியிலும் இயற்பியலாளர் சகாரவை ஏன் நீக்கவில்லை என்பது அடுத்த வாரம்.

(தொடரும்)