எச்சரிக்கை யாருக்கு?

செம்மநத்தத்தில் காப்பிக்கொட்டை நிறுக்கும் தராசிலேயே கோளாறு என்றால், எடை குறைந்ததற்குத் தோட்டக்காரர் என்ன செய்வார்? கணிப்பொறியிலும் இந்தச் சங்கடம் உண்டு, மாணவர்களே! ‘சி’ மொழியில் நீங்கள் பத்து வரி நிரல் எழுதுகிறீர்கள். அதன் தலையில் சேர்க்கும் ‘ஸ்டிடிஐஓ.எச்’ போன்ற தலைப்புக் கோப்புகள் நீங்கள் எழுதியவை அல்ல. கணிப்பொறியில் முன்பே இருப்பவை. கம்பைலர் இரண்டையும் ஒட்டி ஒன்றாகவே வாசிக்கும். கோப்பில் குறையிருந்தால், எச்சரிக்கை உங்களுக்கு!

1987இல் ரிச்சர்டு ஸ்டால்மன் வெளியிட்ட ஜிசிசி கம்பைலரில் இதற்குப் பின்னர் ஒரு வழி செய்தார்கள். அதை நிறுவும்போதே ‘ஃபிக்ஸ்இன்க்ளூட்ஸ்’ என்னும் துணை நிரல் கோப்புகளைத் துருவிப் பார்த்து, திருத்திய பிரதிகளைத் தனியிடத்தில் வைக்கும், மூலத்தைத் தொடாது. ஜிசிசி முதலில் பிரதியையே தேடும். மற்றக் குறைகளுக்கான எச்சரிக்கைகளைப் பெரும்பாலும் அடக்கிவிடும். (மெய்யான குறையும் சேர்ந்து மறைகிறதே!) அவற்றையும் பார்க்க வேண்டுமானால், ‘-டபிள்யூசிஸ்டம்-ஹெட்டர்ஸ்’ என்று கட்டளையில் சேர்க்க வேண்டும்.