அணைந்த பந்தத்தின் பெறுமதி

ஒலிம்பிக் விழா நிறைவுறும் இரவில் தீபம் அணைக்கப்படுகின்றது. ஆனால் அத்தீபத்தைச் சுமந்து வந்த பந்தங்கள், அணைந்த பின்னரே சேகரிப்போரின் கண்ணில் மதிப்புப் பெறுகின்றன.

ஒலிம்பியாவில் சூரிய ஒளியால் ஏற்றப்படும் சுடரைக் கைமாற்றிக் கொண்டோடும் அஞ்சலோட்டம் பண்டைக் கிரேக்கரின் வழக்கம் என்றே நம்மிற் பலர் எண்ணியிருக்கின்றோம். உண்மையில் அது 1936 இல், நாசி ஆட்சியின்கீழ் நடைபெற்ற பேர்லின் விழாவுக்கெனத் தொடங்கப்பட்டது. அன்று மூவாயிரத்துக்கும் மேற்பட்டோர் ஓடினர்.

1952 இல் ஹெல்சிங்கி விழாவுக்கு 22 பந்தங்களே செய்யப்பட்டன. ஆதலால் இன்று மிக அரிதாகக் கிடைப்பவற்றுள் அவையும் அடங்கும். 2012 இல் இலண்டன் விழாவுக்கோ ஏறத்தாழ 8,000 பந்தங்கள். ஒவ்வொன்றிலும் 8,000 துளைகள். சுடரேந்திய ஒவ்வொருவரையும் ஒரு துளை குறித்தது. ஏந்தியவர் அன்று 199 பவுண் செலுத்தித் தம் பந்தத்தைத் தமதாக்கிக் கொள்ள முடிந்தது. ஓட்டம் தொடங்கிய சில நாள்களிலேயே அவற்றுட் சில இணைய ஏலத்துக்கு வந்தன. கௌரவத்தை விற்பதா எனச் சிலர் கடிந்தனர். அறப்பணிக்கு நிதி திரட்டவே விற்கின்றோம் என்றனர் விற்றோருட் சிலர்.

இங்கு 1956 இன் நிகழ்வொன்று நினைவுக்கு வருகின்றது. மெல்பேர்ண் விழாவுக்கான சுடர் சிட்னியை அடையுமுன்னரே, மாணவர் ஒருவர் கதிரைக்காலில் தகரப்பேணியைப் பொருத்தி, மண்ணெண்ணெயில் நனைத்த உள்ளாடையை அதிலிட்டு எரித்தவாறு ஓடிவந்தார். நகரபிதாவும் அதனை மெய்யெனவே பெற்றுக்கொண்டார்! பொருளுக்கு மதிப்பளிப்பது உலோகமன்று, அதனைப் பற்றிய நம்பிக்கையே என்பதற்கு வேறு சான்று வேண்டுமோ?

2016 ஏப்ரலில், ஏதென்ஸ் நகரின் எலியோனாஸ் அகதி முகாமினூடாகச் சுடரை ஏந்திச் சென்றார் இப்ராகிம் அல் ஹுசைன். சிரியப் போரில் ஒரு காலின் பகுதியை இழந்து, கிரேக்கத்தில் தஞ்சமடைந்த நீச்சல் வீரர் அவர். அதே ஆண்டு ரியோ பராலிம்பிக்கிலும் நீந்தினார்.

அப்பந்தத்துக்கு ஏலக்காரர் என்ன விலை குறிப்பாரோ, நாம் அறியோம். வீட்டைப் பூட்டிப் புறப்பட்ட நாளில் கையோடு எடுத்துவந்த ஒரு நிழற்படத்தை இன்றும் காத்துவரும் நமக்கு, அதன் பெறுமதியை எவரும் எடுத்துரைக்க வேண்டியதில்லை.