ஒரே அறையில் இருவர்

சிங்கப்பூரில் வீடில்லாதவர்கள் இருக்கிறார்களா என்று வியப்போடு கேட்கும் மாணவர்களை நான் இன்னும் சந்திக்கிறேன். பெரும்பாலோர் வீவக வீடுகளில் வாழும் நாட்டில் அந்த வியப்பு இயல்புதான். 2019ல் லீ குவான் இயூ பொதுக் கொள்கைப் பள்ளியின் ஆய்வாளர் இங் கோக் ஹோ தலைமையில் ஒரு குழு, தீவு முழுவதும் இரவில் நடந்து எண்ணிப் பார்த்தது. நூற்றுக்கணக்கான தொண்டூழியர்கள் புளோக் புளோக்காக ஏறி இறங்கினார்கள். வெட்டவெளியில் உறங்குவோர் 921 முதல் 1,050 பேர் வரை இருக்கலாம் என்று தெரியவந்தது. 2022ல் அரசாங்கம் நடத்திய கணக்கெடுப்பில் இந்த எண்ணிக்கை 530.

அந்த எண்களைக் குறைப்பதையே தம் வேலையாக எடுத்துக்கொண்ட ஒருவருடன் நான் ஐந்து ஆண்டுகள் பணியாற்றினேன். சென்ற ஆண்டு அவர் புற்றுநோயால் காலமானார். பெயரை எழுத வேண்டாம் என்பது குடும்பத்தாரின் விருப்பம். எங்கள் அலுவலகத்தில் சீன, மலாய் நண்பர்கள்கூட அவரை ‘அக்கா’ என்றுதான் அழைத்தார்கள். நானும் இங்கே அப்படியே எழுதுகிறேன்.

அக்கா முதலில் தாதி. உடல்நலம் தேறிய பிறகும் வார்டைவிட்டுக் கிளம்பத் தயங்கும் முதியவர்கள் சிலரை அங்குதான் முதன்முதலில் கவனித்தாராம். “முகவரி கேட்டா உடனே சொல்வாங்க. ஆனா அந்த முகவரிக்குப் போக மாட்டாங்க,” என்பார். அது ஏன் என்று தெரிந்துகொள்ளத்தான், ஐம்பதை நெருங்கும் வயதில் சமூக சேவைத் துறைக்கு வந்தார். சம்பளம் குறைந்தது. அதைப் பற்றி அவர் பேசி நான் கேட்டதில்லை.

வாரத்தில் இரண்டு இரவுகள், பதினொன்றரை மணிக்கு மேல் நடப்போம். காப்பிக்கடைகள் மூடி, புளோக்கின் கீழ்த்தளம் அமைதியான பிறகுதான் அட்டைகள் விரியும். காலணியைத் தலைமாட்டில் வைத்து, பையின் வாரைக் கையில் சுற்றிக்கொண்டு படுப்பார்கள். பலருக்கு விடிந்ததும் வேலை இருக்கும். 2019 ஆய்வில் நேர்காணப்பட்டவர்களிலும் பத்தில் ஆறு பேர் வேலை செய்பவர்கள்தான். துப்புரவு, பாதுகாவல் போன்ற குறைந்த சம்பள வேலைகள். சோம்பேறிகள் என்று யாராவது சொன்னால், “நாலு மணிக்கு எழுந்து நீங்க குப்பை அள்ளுவீங்களா?” என்று அக்கா நேராகவே கேட்டுவிடுவார்.

தொண்டூழிய மணிநேரத்துக்காக வரும் மாணவர்களிடம் அவருக்கு ஒரு மனக்குறை உண்டு. ரொட்டியைக் கொடுத்து, படம் எடுத்து, அடுத்தவரிடம் போய்விடுகிறார்கள் என்பார். “முதல்ல கீழே உட்காருங்க. நின்னுக்கிட்டுப் பேசினா அதிகாரி மாதிரி இருக்கும்.” உட்கார்ந்த பிறகும் கேள்வி எதுவும் கேட்க விடமாட்டார். அவர்களாகப் பேசினால் பேசலாம். இல்லையென்றால், சும்மா இருந்துவிட்டு வரவேண்டும். இது பார்ப்பதற்குத்தான் எளிது. முதல் சில வாரங்கள் எனக்கு அந்த மௌனம் பெரும் சுமையாக இருந்தது.

கிழக்கு வட்டாரத்தில் ஒரு சீன அங்கிளிடம் இப்படி ஏழு வாரம் போனோம். எட்டாவது வாரம் அவர் கேட்டது ஒரு நகவெட்டி. அக்கா மறுநாளே கொண்டுபோய்க் கொடுத்தார். அதன் பிறகுதான் கதை வந்தது. அவருக்கு ஏற்கெனவே ஒரு வாடகை வீடு இருந்தது!

இதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். தனியாக இருப்பவர்கள் வீவகவின் ஓரறை வாடகை வீட்டுக்குப் பொதுவாக இருவராகச் சேர்ந்துதான் விண்ணப்பிக்க வேண்டும். வயது 35 ஆகியிருக்க வேண்டும். மாத வாடகை வருமானத்தைப் பொறுத்து 26 வெள்ளியிலிருந்து தொடங்குகிறது. ஏழைக்கு எட்டக்கூடிய தொகைதான். ஆனால், ஓரறை வீட்டில் தனிப் படுக்கையறை கிடையாது. முன்பின் பழகாத இருவர் ஒரே அறையில் படுத்து எழ வேண்டும். நம் அங்கிள் விடியற்காலை நான்கு மணிக்குத் துப்புரவு வேலைக்குக் கிளம்புபவர். உடன் இருந்தவரோ நள்ளிரவு தாண்டியும் தொலைக்காட்சி பார்ப்பவர். வாக்குவாதம் முற்றி ஒருநாள் கைகலப்பானது. அங்கிள் பையை எடுத்துக்கொண்டு கீழே வந்துவிட்டார். வீவக பதிவில் அவருக்கு வீடு உண்டு. படுப்பது மட்டும் சிமென்ட் தரையில்.

“வீடு கொடுத்தாச்சுன்னு கோப்பை மூடுறோம். அவர் அங்கே தூங்குறாரான்னு யார் பார்க்கிறது?” அக்காவின் வேலை முழுக்க இந்தக் கேள்வியைச் சுற்றித்தான் இருந்தது.

அவர் ஒரு நோட்டுப் புத்தகம் வைத்திருந்தார். ஒவ்வொருவர் பெயருக்கும் எதிரே வருமானமோ நோயோ இருக்காது. ‘குறட்டை உண்டு’, ‘காற்றாடி வேகமாகச் சுற்ற வேண்டும்’, ‘ஊதுபத்தி வாசனை ஆகாது’, ‘பன்றி இறைச்சி சமைத்தால் பிடிக்காது’ என்று எழுதியிருக்கும். கல்யாணத் தரகர் தோற்றுவிடுவார் என்று கேலி செய்வோம். ஒத்துப்போகக்கூடிய இருவரை மூன்று, நான்கு முறை காப்பிக்கடையில் ஒன்றாக உட்கார வைத்துவிட்டுத்தான் விண்ணப்பத்தைப் பற்றியே பேசுவார். நகவெட்டி அங்கிளுக்கு அவர் தேடிப்பிடித்தவர் இரவு வேலை பார்க்கும் ஒரு மலாய்ப் பாதுகாவலர். ஒருவர் தூங்கும்போது மற்றவர் வேலையில் இருப்பார். சமையலறை விஷயத்தை மட்டும் முன்கூட்டியே பேசி முடித்தார்கள்: வீட்டில் சமையல் இல்லை, தண்ணீர் கொதிக்க வைக்கலாம்.

2021ன் இறுதியில் வீவக ஒரு முன்னோடித் திட்டத்தைத் தொடங்கியது. அதில் ஒருவர் தனியாகவே விண்ணப்பிக்கலாம். பொருத்தமான வீட்டுத் தோழரைத் தேடித் தருவது, பிணக்கு வந்தால் சமரசம் செய்வது எல்லாம் திட்டத்தை நடத்தும் சமூக சேவை அமைப்பின் பொறுப்பு. படுக்கும் இடங்களுக்கு நடுவே தடுப்பும் உண்டு. செய்தி வந்த அன்று அக்கா எங்களுக்குக் கறிபஃப் வாங்கித் தந்தார். அந்தத் தடுப்பைப் பற்றியே அரை மணி நேரம் பேசினார். திட்டத்தில் குறை இல்லாமல் இல்லை. நாளடைவில் ஒவ்வொருவருக்கும் தனிக் கதவு வேண்டும் என்பதுதான் அவர் கருத்து. என் கருத்தும் அதுதான்.

இறுதி அஞ்சலியின் இரண்டாம் இரவு அங்கிள் வந்திருந்தார். கடைசி வரிசையில் உட்கார்ந்தவர் யாருடனும் பேசவில்லை. மூன்றரை மணிக்கு எழுந்து வேலைக்குக் கிளம்பினார்.

நோட்டுப் புத்தகம் இப்போது அலுவலகத்தில் இருக்கிறது. கடைசிப் பக்கத்தில் ஜோடி சேராத பெயர்கள் நான்கு. அவர்களில் இருவர், ஒருவர் மீன் வளர்க்க ஆசைப்படுபவர், இன்னொருவர் சத்தமே ஆகாதவர். வரும் செவ்வாய்க்கிழமை இருவரையும் காப்பிக்கடைக்கு அழைத்திருக்கிறேன்.